பின்னால் நிற்கும் ஆள்

செல்போன் டவரில் ஏறியவரை இறக்கிய மறுநாள் பத்திரிகையில் வரும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு எஸ்.ஐ., கையில் போன் அல்லது மெகாஃபோன், அண்ணாந்த முகம், கீழே ‘சாமர்த்தியமாகப் பேசி மீட்ட போலீஸ் அதிகாரி’ என்று ஒரு வரி. எனக்கும் அப்படி வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் போன் பண்ணி, ‘வாய்ல சர்க்கரையை வச்சிருக்கியா, எப்படித்தான் பேசினே?’ என்று கேட்டதும் உண்டு. அந்தப் படத்தில் என் தோளுக்குப் பின்னால் ஒரு கை தெரியும், கையில் நாலாக மடித்த ஒரு சீட்டு. ஆளின் முகம் வராமல் வெட்டியிருப்பார்கள். அன்றைக்கு நடந்த வேலையில் பாதிக்கு மேல் அந்த வெட்டுப்பட்ட ஆளுடையது.

ஓய்வு பெற்ற பிறகு இளம் எஸ்.ஐ.க்களுக்கும் காவலர்களுக்கும் வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள். தலைப்பு பெரிதாக இருக்கும்: நெருக்கடி நேரப் பேச்சுவார்த்தை, மன உறுதி, இன்ன பிற. பவர்பாயின்ட் கேட்பார்கள். நான் கொண்டுபோவது ஒரு பழைய பட்டன் போனும் கொஞ்சம் துண்டுச் சீட்டும்தான். ‘மேடம், இதுக்கு மனசைக் கல்லாக்கிக்கணுமா?’ என்று எந்த வகுப்பிலும் ஒரு பையனாவது கேட்டுவிடுவான். கல்லாக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். நாலைந்து சம்பவம் நன்றாகவே பேசுவார்கள். அப்புறம் கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிட்டால் பாத்ரூமில் இருப்பார்கள்.

நான் பேசக் கற்றுக்கொண்டது மகளிர் ஸ்டேஷனில். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தது 1973-இல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல் வந்தது. பிறகு ஊர் ஊராகத் திறந்துகொண்டே போனார்கள். அந்த அலையில்தான் நான் காவலராக உள்ளே வந்தேன். சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன்காரர்கள் எங்களை ‘பஞ்சாயத்து ஆபீஸ்’ என்று கிண்டல் செய்வார்கள். கிண்டலில் பொய்யில்லை. காலையில் மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் ஒரு பக்கம், பெண் வீட்டார் பத்துப் பேர் மறுபக்கம், நடுவில் ஒரு மேசை, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

அங்கே ஒரு ஏட்டம்மா இருந்தார். யார் மேல் தப்பு என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அதிகமாகச் சத்தம் போடுகிற ஆளைப் பார்த்து, ‘அண்ணே, நீங்கதான் பெரியவரு. இந்தப் பெஞ்ச்ல உக்காந்து மொதல்லேர்ந்து சொல்லுங்க, எழுதிக்கிறேன்’ என்பார். எழுத ஆரம்பிப்பார். அவர் சொன்னதில் கடைசி இரண்டு வார்த்தையை மெல்லத் திருப்பிச் சொல்லியபடியே எழுதுவார்: ‘வாசல்லயே நிக்க வச்சாங்க…’ அவ்வளவுதான், அந்த ஆள் தானாக அடுத்ததைச் சொல்வார். வேகம் கூடினால், ‘மெதுவாண்ணே, கை வலிக்குது.’ பேனாவின் வேகத்துக்கு ஆள் இறங்கி வந்தே ஆக வேண்டும். அரைமணி நேரத்தில் குரல் பாதியாகிவிடும். ‘ரொம்ப அசிங்கமாப் போச்சுன்னு இருக்கு, இல்லண்ணே?’ என்று ஒன்று போடுவார். மீசைக்கார ஆள் அங்கேயே அழுததைப் பார்த்திருக்கிறேன். கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வது, மனதில் இருப்பதற்குப் பெயர் வைப்பது, பேச்சின் வேகத்தைக் குறைப்பது எல்லாவற்றையும் அமெரிக்க எஃப்.பி.ஐ. பாடத்திட்டமாகவே வைத்திருக்கிறது என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏட்டம்மா எந்த வகுப்புக்கும் போனவர் இல்லை.

அந்தப் பாடத்திட்டத்தின் பிறப்புக் கதை வகுப்பில் கொஞ்சம் சொல்வேன். 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினர் பிணையாகப் பிடிக்கப்பட்டு 11 பேர் இறந்தார்கள். மீட்கப் போன போலீஸாருக்குத் துப்பாக்கி இருந்தது, திட்டம் இல்லை. அதைப் பார்த்து மிரண்ட நியூயார்க் போலீஸ், தன் ஊரில் இப்படி நடந்தால் என்ன செய்வது என்று யோசித்தது. ஹார்வி ஷ்லாஸ்பர்க் என்ற துப்பறிவாளர் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவரும் ஃப்ராங்க் போல்ஸ் என்ற அதிகாரியும் சேர்ந்து 1973-இல் உலகத்துக்கே முன்மாதிரியான பேச்சுக் குழுவை உருவாக்கினார்கள். அந்த வருஷம் ஜனவரியிலேயே புரூக்ளினில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் 47 மணி நேர முற்றுகை அவர்களுக்குப் பரீட்சையாக வந்தது. ஷ்லாஸ்பர்க் அங்கே சொன்ன யோசனை, காத்திருப்போம் என்பதுதான். போலீஸ்காரனிடம் காத்திருக்கச் சொல்வதைவிடக் கஷ்டமான உத்தரவு கிடையாது. அதைச் சொல்லவே தனித் தைரியம் வேண்டும்.

அங்கிருந்து வந்த விதிகளில் எனக்குப் பிடித்தது இது: பேசுகிறவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவெடுப்பவர் பேசக் கூடாது. ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று பேசுகிறவர் உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும். அதில் நேரமும் கிடைக்கிறது, நம்பிக்கையும் உடையாமல் இருக்கிறது. இன்னொரு விதி, பேசுகிறவர் பக்கத்தில் எப்போதும் இரண்டாமவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது. அவர் எதிராளியிடம் பேசவே மாட்டார். கேட்பார், எழுதிக் கொடுப்பார். முதலாமவர் களைத்தால் இடத்தை மாற்றிக்கொள்வார். ஹாலிவுட் படங்களில் இவர் இருக்கவே மாட்டார். நம் படங்களிலும் அப்படித்தான். ஹீரோ தனியாகத்தான் பேசுவார்.

நம் ஊரில் பேச்சுவார்த்தை என்றதும் பெரியவர்களுக்கு வீரப்பன் காடுதான் ஞாபகத்துக்கு வரும். 2000 ஜூலை 30-ஆம் தேதி நடிகர் ராஜ்குமாரைத் தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரிலிருந்து கடத்தி, 108 நாள் கழித்து விட்டார்கள். அங்கே பேசியது போலீஸ் இல்லை. நக்கீரன் கோபால் முதலியவர்கள் தூதர்களாகக் காட்டுக்குள் போனார்கள். அது வேறு உலகம், இரண்டு மாநில அரசுகள் சம்பந்தப்பட்ட விவகாரம். ஒரு எஸ்.ஐ.யின் பங்குக்கு வருவது டவர், மொட்டை மாடி, பாலம், உள்தாழ்ப்பாள் போட்ட வீடு, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ். கடைசியாகச் சொன்னது 2017 அக்டோபருக்குப் பிறகு எல்லா மாவட்டத்திலும் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே மாண்டு போனது. அதன் பிறகு குறைதீர்க்கும் நாளென்றால் வாசலில் பையைத் திறந்து பார்க்கும் டூட்டி வந்தது. பையைப் பார்க்கிற காவலருக்கு முகத்தைப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள் என்று நான் மீட்டிங்கில் கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்து தடவை மனு கொடுத்தவரின் கையில் ரசீதுக் கட்டு இருக்கும், ஓரம் நைந்து போயிருக்கும். அந்த ஆளிடம் ‘பையைக் காட்டு’ என்பதற்கு முன்னால் ‘எத்தனாவது தடவைங்கய்யா வர்றீங்க?’ என்று கேட்டால் போதும், உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இனி அந்தச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாக இருந்தபோது ஒரு மத்தியானம். லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆள், முப்பது வயசுக்கு மேல் இருக்கும். தவணை கட்டாததால் வண்டியைத் தூக்கிவிட்டார்கள். ஊருக்கு வெளியே டவரில் ஏறிவிட்டார். நாங்கள் போவதற்குள் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் கையில் செல்போன், வீடியோ ஓடுகிறது. மேலே பார்த்து ‘ஏறிட்டேல்ல, அப்புறம் என்ன?’ என்று கத்துகிற இளவட்டங்களும் அதில் உண்டு. மெகாஃபோனை நான் ஜீப்பிலேயே விட்டுவிட்டேன். மெகாஃபோனில் பேசினால் அது அந்த ஆளிடம் பேசுவதாக இருக்காது, கூட்டத்துக்குச் சொற்பொழிவாகிவிடும். ஒருத்தர் ஊருக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டால் இறங்கி வருவது மானப் பிரச்சினையாகிவிடும்.

என்னோடு வந்தவர் ஸ்டேஷன் ரைட்டராக இருந்த ஏட்டு. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், வேகமும் அதிகம். போகும் வழியிலேயே எங்களுக்குள் பேச்சு: நான் பேசுகிறேன், நீங்கள் என் வலப்பக்கம் ஒரு அடி பின்னால், ஆளோடு நீங்கள் பேச வேண்டாம், எனக்கும் வாயால் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுங்கள். டவரில் இருந்தவரின் நம்பரை அவருடைய மச்சினனிடமிருந்து வாங்கினார் ஏட்டு. மூன்றாவது அழைப்பில் அந்த ஆள் எடுத்தார்.

‘தம்பி, நான் டவுன் ஸ்டேஷன் எஸ்.ஐ. கீழ நிக்கிறேன். வெயில்ல ரொம்ப நேரமா இருக்கீங்க.’

‘ஒண்ணும் பேச வேணாம் மேடம். ஃபைனான்ஸ்காரனை வரச் சொல்லு.’

‘ஃபைனான்ஸ்காரங்க மேல கோபமா இருக்கீங்க.’

‘கோபமா? வண்டிய எடுத்ததுகூடப் பரவால்ல மேடம். கடைவீதியில வச்சு…’ என்று ஆரம்பித்தார். அப்போது முதல் சீட்டு வந்தது: ‘சார்ஜ் கேளுங்க.’ எனக்குத் தோன்றாத விஷயம் அது. கேட்டேன். ஒரே ஒரு கட்டைதான் இருக்கிறது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது போன் செத்தால், நான் வைத்துவிட்டதாக அவர் நினைப்பார். அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நானே கூப்பிடுகிறேன், நடுவில் அணைத்து வையுங்கள், கட்டாகிவிட்டால் கையை அசைத்துக் காட்டுங்கள், நான் இங்கேயேதான் நிற்பேன் என்று பேசி வைத்துக்கொண்டோம். பிற்பாடு யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு அவரும் நானும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான். அதற்கப்புறம் அவருடைய குரல் மாறியது.

இடைவெளியில் ஏட்டு உறவுக்காரர்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். மச்சினன் போனைக் கொடுங்கள் கொடுங்கள் என்று என் கையைப் பிடிக்காத குறை. இன்ஸ்பெக்டரும் கொடுத்துப் பார்க்கலாமே என்றார். சீட்டு வந்தது: ‘மச்சான் வேணாம். ஜாமீன் கையெழுத்து அவர்தான்.’ கடனுக்கு ஜாமீன் போட்டவரையே போனில் கொடுத்திருந்தால், மேலே இருப்பவருக்கு இருக்கிற அவமானத்தில் இன்னொரு சுமை ஏறியிருக்கும். சொந்தக்காரர் குரலைக் கேட்டால் மனசு மாறும் என்பது சினிமாவில். நிஜத்தில் அந்தச் சொந்தக்காரர்தான் பிரச்சினையா என்று தெரியாமல் போனை நீட்டக் கூடாது.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்தது. ஏட்டு அதை எழுதிக் காட்டவில்லை, பேனாவால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அப்போது மேலே இருந்தவர், ‘பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்திருப்பா’ என்றார். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, ‘அவளுக்காகவாவது இறங்குங்க’ என்று. சீட்டு: ‘பேசாதீங்க.’ எழுத்துக்குக் கீழே இரண்டு கோடு. காத்து நின்றேன். மேலே காற்றுச் சத்தம் போனில் கேட்கிறது. நான் பேசியிருந்தால் அது என்னுடைய வாதமாகியிருக்கும், அதற்கு அவர் பதில் வாதம் சொல்லியிருப்பார். நெடுநேரம் கழித்து அவராகவே, ‘மூணாப்பு படிக்கிறாக்கா. கணக்கு நல்லா போடுவா’ என்றார். அதற்கப்புறம் இறங்குவதைப் பற்றித்தான் பேச்சு.

இறங்குவதும் தனி வேலை. வெயிலில் அத்தனை நேரம் ஒரே மாதிரி நின்ற கால் மரத்திருக்கும். மனசு மாறின ஆள் தவறி விழுந்த கதைகள் எங்கள் துறையில் உண்டு. தீயணைப்புத் துறைத் தம்பிகள் இருவர் இடுப்பில் கயிறோடு ஏறினார்கள். அவர்கள் வருவதை முன்கூட்டியே சொல்லி, பெயரும் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் ஏற்றினோம். தரைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, செருப்பு எங்கே என்பது. டவர் அடியில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறார். கூட்டம் மிதித்து ஒன்று காணவில்லை. ஏட்டு அதைத் தேடப் போனார். பத்திரிகைக்காரர் என்னை அதற்கு முன்பே படம் எடுத்திருந்தார்.

‘கேஸ் போடுவீங்களா?’ என்று கேட்காமல் அந்தக் காலத்தில் யாரும் இறங்கியதில்லை. போடுவோம் என்றுதான் சட்டம் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 309, தற்கொலைக்கு முயன்றால் குற்றம். போட மாட்டோம் என்று சொல்லி இறக்கிவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்க் கேஸ் எழுதியவர்கள் உண்டு. அந்த ஊரில் அடுத்து ஒருத்தர் ஏறினால் போலீஸ் வார்த்தை எடுபடாது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் 115-ஆவது பிரிவு எங்களுக்குப் பெரிய ஆயுதத்தைக் கொடுத்தது. முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வேறு மாதிரி நிரூபித்தாலொழிய அவரைத் தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லவே இல்லை. ஆனால் 226 என்று ஒன்று இருக்கிறது: அரசு ஊழியரை ஒரு காரியம் செய்ய வைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருஷம் வரை தண்டனை கிடைக்கலாம். பட்டா கேட்டு டவரில் ஏறுகிறவரை இந்தப் பிரிவுக்குள் இழுத்துவிடலாம். அதனால் ‘ஒரு கேஸும் வராது, நான் பொறுப்பு’ என்று வாக்குக் கொடுக்காதே, ‘உங்களுக்கு என்ன கஷ்டம்னு நான் எழுதி வைப்பேன்’ என்று சொல் என்கிறேன். செய்ய முடிந்ததை மட்டும் சொல்வது ஒழுக்கத்துக்காக என்பதைவிட, நாளைக்கும் அதே வாயை வைத்துத்தான் பேச வேண்டும் என்பதற்காக.

வகுப்பில் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வைப்பேன். அடுத்த அறையில் அதே மகளிர் ஸ்டேஷன் ஏட்டம்மா, இப்போது பேரன் பேத்தி எடுத்தவர், போனில் கதாபாத்திரமாக மாறிவிடுவார். அழச் சொன்னால் நிஜமாகவே அழுவார், திட்டச் சொன்னால் மூன்று தலைமுறையை இழுப்பார். காவலர்களுக்கு முதலில் வரும் வியாதி எஃப்.ஐ.ஆர். பேச்சு. ‘பேரு? ஊரு? என்ன பிரச்சினை? எதுக்கு ஏறினே?’ நாலு கேள்வியில் ஏட்டம்மா போனை வைத்துவிடுவார். இரண்டாவது வியாதி தீர்ப்பு: ‘இதுக்கெல்லாம் சாகறாங்களா?’ இதற்கும் வைத்துவிடுவார். இரண்டாமவர் வாயைத் திறக்கக் கூடாது, ஒரு சீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது. ஆரம்பத்தில் சீட்டு மழையாகப் பொழியும், முதலாமவர் படிப்பாரா பேசுவாரா? எதை எழுதாமல் இருப்பது என்று கற்றுக்கொள்ளவே பல வகுப்பு ஆகும்.

நைட் ரவுண்ட்ஸ் முடித்து வந்தவர்களைக் காலை ஐந்து மணிக்கு இந்தப் பயிற்சிக்கு உட்கார வைத்தேன் என்று என் மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. நிஜ அழைப்பு தூங்கி எழுந்து குளித்த நேரத்தில் வராது. திருவிழா பந்தோபஸ்து முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது வரும். களைத்த குரலில் எரிச்சல் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று அவரவருக்குத் தெரிய வேண்டும்.

திட்டு வாங்கும் பயிற்சிதான் ரொம்ப முக்கியம். ஒரு இளம் எஸ்.ஐ., கபடி வீரர், ஏட்டம்மா போனில் அவர் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னதும் முகம் சிவந்து போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த பெண் காவலர் எழுதி நீட்டினார்: ‘காக்கியைத்தான் திட்றார், உங்களை இல்ல.’ பையன் மூச்சை விட்டார், ‘எங்க மேல உங்களுக்கு அவ்வளவு ஆத்திரம் இருக்குண்ணே’ என்றார். அந்தச் சீட்டு இல்லாமல் அவர் அன்றைக்குத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். மன உறுதி என்று தனியாக ஒரு வகுப்பு எதற்கு என்று அப்போதுதான் மேலிடத்தில் கேட்டேன். பேச்சையும் மன உறுதியையும் ஒரே மேசையில்தான் கற்றுக்கொள்ள முடியும்.

நம் ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் குழி பறித்தால் எந்தப் பயிற்சியும் உதவாது என்பதற்கு அமெரிக்காவின் வேக்கோவைச் சொல்வேன். 1993-இல் டேவிட் கொரேஷ் என்ற மதக்குழுத் தலைவரின் வளாகத்தை எஃப்.பி.ஐ. 51 நாள் சுற்றி வளைத்திருந்தது. கேரி நெஸ்னர் தலைமையில் பேச்சுக் குழு ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தது, குழந்தைகள் உள்பட 35 பேர். ஆனால் உள்ளிருந்து ஆள் வெளியே வந்த அதே வேளையில் ஆயுதப் பிரிவு கரண்டைப் பிடுங்கியது, ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி அலறியது. பேசுகிறவர் கொடுத்த வார்த்தையைப் பக்கத்துக் கூடாரம் பொய்யாக்கியது. ஏப்ரல் 19-ஆம் தேதி உள்ளே 76 பேர் இறந்தார்கள். அந்தப் பேச்சாளர்கள் அப்புறம் எப்படித் தூங்கினார்கள் என்று யோசிப்பேன். 1980-இல் லண்டன் இரானியத் தூதரக முற்றுகையிலும் அப்படித்தான். ஆறாவது நாள் கமாண்டோக்கள் நெருங்கும்போது, உள்ளே இருந்த தலைவனிடம் பஸ் ஏற்பாடு பற்றிப் போனில் பேசிக்கொண்டே இருப்பதுதான் பேச்சாளரின் கடைசி வேலையாக இருந்தது. ஆறு நாள் நம்பிக்கை சேர்த்த குரல் அது. உத்தரவு சரியானதாக இருக்கலாம், ஆனால் குரல் அந்த மனிதருடையதுதானே.

நம் ஊரில் இதைவிடக் கொடுமையான ஒரு நடைமுறை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதிப் படித்ததில்லை. ஒரு இளைஞரிடம் எங்கள் எஸ்.ஐ. தம்பி ஒருவர் நடுராத்திரி வரை பேசினார். நான் அப்போது இன்ஸ்பெக்டர். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசியில் கை மீறிவிட்டது. அப்படியும் நடக்கும். விடிந்ததும் அந்த எஸ்.ஐ. என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அது அவர் ஸ்டேஷன் எல்லை. சந்தேக மரணம், பழைய சட்டத்தில் 174, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. ராத்திரி யாரைக் கெஞ்சினாரோ அவருடைய உடலுக்கு ஜி.எச். பிணவறையில் அவரே சவ விசாரணை எழுத வேண்டும். சட்டையின் நிறம், உடலின் நீளம், பஞ்சாயத்தார் கையெழுத்து. அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: இறந்தவரைக் கடைசியாக உயிருடன் பார்த்தது யார், எப்போது, எங்கே. அந்த இடத்தில் அவர் தன் பெயரை எழுத வேண்டியிருக்கும்.

டி.எஸ்.பி.க்குப் போன் பண்ணிப் பக்கத்து ஸ்டேஷன் எஸ்.ஐ.யை அனுப்பக் கேட்டேன். ‘இதெல்லாம் வேலைம்மா, பழகிக்கணும்’ என்றார். பழகிக்கொண்டால் அடுத்த தடவை இவர் பேச மாட்டார் ஐயா, சும்மா நிற்பார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து வயர்லெஸ் மைக்கில் உத்தரவு வந்தது. செலவே இல்லாத ஒரு மாற்றம், ஒரு வரித் தகவல். அதன் பிறகு எங்கள் சரகத்தில் அதையே வழக்கமாக்கினோம்: பேசியவரும் பின்னால் நின்றவரும் அந்தச் சாவுக்கு விசாரணை எழுதக் கூடாது.

இன்னொரு வழக்கம், ஜி.டி. (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு) எழுதுவதற்கு முன் டீ. நல்லபடியாக முடிந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சம்பவ இடத்திலிருந்து வந்ததும் இருவரும் உட்கார வேண்டும். எதைக் கேட்டோம், எது காதில் விழாமல் போனது, உடம்பு எப்படி இருக்கிறது. ‘ஏன் அப்படிச் சொன்னே?’ என்று அன்றைக்கு யாரும் கேட்கக் கூடாது, மேலதிகாரியும் கூடாது. அந்தக் கேள்வி நாலு நாள் கழித்து, சீட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு. பின்னால் நின்றவரை முதலில் பேசவிடுவேன். அவர்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்ல முடியாமல் நின்றவர். அவருக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருக்கும்.

2018-இல் பெங்களூரு நிம்ஹான்ஸோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி வந்தபோது முதலில் எங்கள் ஆட்கள் ‘நமக்கென்ன பைத்தியமா?’ என்றார்கள். அந்த எஸ்.ஐ. தம்பியை நான் அதற்கு அனுப்பினேன். முழுசாகக் குணமாகி வந்தார் என்று கதை சொல்ல மாட்டேன். வந்த பிறகு, ராத்திரி தூக்கமில்லை என்பதை வாய்விட்டுச் சொன்னார். அதுவே எங்கள் துறையில் அபூர்வம். 2021-இல் காவலர்களுக்கு வார ஓய்வு என்று அரசாணை வந்ததும் பெரிய விஷயம்தான். ஆனால் பந்தோபஸ்து வந்தால் முதலில் பலியாவது அந்த ஓய்வுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். 104, டெலி மானஸ் 14416, சென்னையில் ஸ்நேகா என்று எண்களை ஸ்டேஷன் சுவரில் ஒட்டி வைத்திருப்போம், மனு கொடுக்க வருகிறவர்களுக்காக. அதே தாளை ஓய்வறைக் கதவிலும் ஒட்டச் சொன்னேன். ஒட்டின ரெண்டாம் நாள் கீழே ஓரத்தில் யாரோ நம்பரைக் கிழித்து எடுத்திருந்தார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை, வேறொரு தாளை ஒட்டச் சொன்னேன். அந்தத் தம்பி இப்போதும் இந்த வேலையில்தான் இருக்கிறார். அநேகமாகப் பின்னால் நிற்பவராக.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்றும் கேட்பார்கள். நன்றாகப் பேசுகிறவரை வேண்டாம் என்பேன். மேடைப் பேச்சுக்காரர் தன் குரலைத்தான் கேட்பார். ஸ்டேஷனில் மனு எழுதத் தெரியாத கிழவிகள் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்தால் ஆள் கிடைத்துவிடும். அநேகமாக அது பாரா நிற்கிற காவலராக இருக்கும்.

போன மாதம் ஒரு வகுப்பில் எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு எழும் நேரத்தில் ஒரு பெண் எஸ்.ஐ. கேட்டார்: ‘மேடம், எல்லாம் சரி. நான் பேசிட்டிருக்கும்போது டி.எஸ்.பி. ஐயா வந்து போனைக் குடும்மான்னு கை நீட்டினா?’ அறை முழுக்கச் சிரிப்பு. சிரிக்கிற விஷயமே இல்லை. நான் பார்த்ததில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு பாதியில் சரிந்ததெல்லாம் அந்தக் கை நீட்டலில்தான். மாட்டேன் என்று சொல்ல முடியாது, காக்கியில் அந்த வார்த்தை கிடையாது. அதனால் அவர் வருவதற்கு முன்பே அவருக்கு ஒரு வேலையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். எம்.எல்.ஏ. ஆட்கள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், கூட்டத்தை நூறு அடி தள்ள வேண்டும், ஃபைனான்ஸ் ஆபீஸில் ஆள் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஐயா அளவுக்கு ஒருத்தர் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அது பொய்யும் இல்லை.

‘யார் சொல்றது மேடம்? நான்தான் போன்ல இருப்பேனே?’ என்றார்.

‘பின்னாடி நிக்கிறவர் சொல்லணும்’ என்றேன். ‘அதுக்கும் ஒரு சீட்டு எழுதி வச்சுக்கச் சொல்லுங்க. கொஞ்சம் பெரிய எழுத்துல.’